வெளியே சொல்லாத நோய்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப மாநாட்டில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைக் குடும்ப நலம் என்ற பொருளில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கணவன் மனைவி ஒற்றுமை, பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு என்று பேசிவிட்டு நான் மேடையை விட்டு இறங்கலாம். அவற்றைப் பேச இங்கே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால் திருவிழா மேடைகளில் யாரும் எடுக்காத ஒரு பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். மனநோயைப் பற்றித்தான் சொல்லுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும் இந்த உரையில் கிடையாது. எந்த ஒரு குடும்பத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு நான் பேசவும் இல்லை. ஆகவே யாரும் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வீடு மந்திரிக்க வரும்போது, எல்லா அறைகளிலும் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி என்னை அழைத்துப் போகிறீர்கள். சமையலறை, மாட்டுக்கொட்டகை, மீன்வலை போட்டிருக்கும் கொட்டகை, ஒன்றையும் விடுவதில்லை. சில வீடுகளில் மட்டும் ஒரு கதவு சாத்தியிருக்கும். "அங்கே பழைய சாமான் கிடக்குது சாமி" என்பார்கள். சாமானுக்கு இருமல் வருவதில்லை. உள்ளே ஆள் இருமுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது, சொல்லுகிறவருக்கும் கேட்கிறது. இருவரும் கேட்காதவர்கள் போல அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். தமிழ்நாட்டில் நான் வேலை செய்த பங்குகளில் இப்படி ஒரு கதவு இல்லாத பங்கே கிடையாது.

சர்க்கரை வியாதியை நாம் கலியாணப் பந்தியில் உட்கார்ந்து உரக்கச் சொல்லுகிறோம். இரத்தக் கொதிப்பைப் பெருமையாகவே சொல்லுகிறவர்களும் உண்டு. மனத்திற்கு வரும் நோயை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறோம்? அபூர்வமான நோய் என்பதாலா? இல்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. குடி நோயையும் சேர்த்துப் பார்த்தால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அதில் தெரிந்தது. இந்தப் பந்தலில் 400 பேர் இருக்கிறோம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்னும் வருத்தமான கணக்கு ஒன்று உண்டு. நோயின் வகைக்குத் தக்கபடி, நோயுற்றவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை தக்க சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

மனநோய் என்றதும் தெருவில் கிழிந்த துணியோடு போகிற ஒருவர்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார். ஆனால் அதிகமாகக் காணப்படுவது மனச்சோர்வும் மனப்பதற்றமும்தான். நம் தாய்மார்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் வெளிப்படுகிறது. கை கால் குடைச்சல், தலை பாரம், நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல். ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் போவார்கள். ஸ்கேன் எடுப்பார்கள், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள், ஒன்றும் இல்லை என்று திரும்புவார்கள். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதா, சாப்பாட்டில் ருசி போய்விட்டதா, பேரப்பிள்ளையைத் தூக்கவும் மனமில்லையா, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியம் தேவை. நாமோ அதற்குச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் வைக்கிறோம். விசுவாசம் உள்ளவனுக்கு மனச்சோர்வு வராது என்று சில செபக்கூட்டங்களில் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். சர்க்கரை நோயாளியிடம் இப்படிப் பேசுவோமா? செபிக்க வேண்டாம் என்று ஒரு குருவானவர் சொல்ல மாட்டார். செபமாலையையும் சொல்லுங்கள், மாத்திரையையும் போடுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

பிள்ளைபெற்ற சில நாட்களில் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைக் கண்டு மிரண்டால் "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்கள் நம் பாட்டிமார்கள். அது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நோய். வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். வேப்பிலையடித்துக்கொண்டு இருந்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

அடுத்தது மனச்சிதைவு. சினிமாக்காரர்கள் காட்டுவதுபோல ஓர் உடம்பில் இரண்டு ஆள் குடியிருப்பது மனச்சிதைவு அல்ல. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் அல்லது பெண், பெரும்பாலும் வாலிபப் பருவத்தில், மெல்ல மெல்ல ஒதுங்குவது தெரியும். குளிக்க மாட்டார்கள். யாரோ தங்களைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லுவார்கள். பிறர் காதில் விழாத குரல்கள் அவர்களுக்குக் கேட்கும். அந்தக் குரல் அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது, நடிப்பு இல்லை. இதற்கு இன்ன ஒன்றுதான் காரணம் என்று மருத்துவம் சொல்லவில்லை. பிறவிக் கூறு, மூளையின் இரசாயன மாறுதல், வாழ்க்கையின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து வருவது. தாய் வளர்த்த விதத்தால் வந்ததல்ல, தகப்பன் செய்த பாவத்தால் வந்ததும் அல்ல. 1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. எல்லாரும் முழுமையாகக் குணமடைகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் நன்றாகத் தேறுகிறார்கள், சிலர் நெடுங்காலம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது, சிலருக்கு மருந்துக்குப் பிறகும் குறை மிஞ்சுகிறது. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம் என்பதில் டாக்டர்களிடையே இரண்டாவது பேச்சில்லை.

நம்மிடம் சீக்கிரம் தொடங்குவதுதான் நடப்பதில்லை. முதலில் காத்து கருப்பு என்போம். தாயத்து, மந்திரித்த கயிறு. பிறகு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பங்காளி வீட்டோடு சண்டை. பிறகு நேர்ச்சை, திருத்தலம். அதற்குள் இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. பிறகுதான் எல்லாவற்றிலும் கொடிய வைத்தியம்: "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்." இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்க நான் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. திருமணிக்குப் போனால் போதும். 1924-இல் அங்கே லேடி வெலிங்டன் பெயரால் தொழுநோயாளர் இல்லம் ஏற்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் அங்கேதான் புதிய சல்போன் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிற்பாடு 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துபோகிற நோய் அது.

அந்த நோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் பெருநோய். வீட்டில் தனித் தட்டு, தனிக் குவளை, பிறகு ஊருக்கு வெளியே தனிக் குடிசை. அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்குக் கலியாணம் ஆகாது. ஆகையால் என்ன செய்தார்கள்? முதல் தேமலைச் சட்டைக்குள் மறைத்தார்கள். உணர்ச்சி போனதையும் மறைத்தார்கள். விரல் மடங்கியபோதுதான் மறைக்க முடியாமல் போயிற்று. அந்த விரல்களில் பாதி, மறைத்து வைத்த ஆண்டுகளில் போனவை. தேமலோடு வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும். நோய் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் பயம் எவ்வளவோ குறைந்துவிட்டது. துணைவருக்குத் தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் எழுதியிருந்தது. அதையும் சேர்த்து ஐந்து சட்டங்களிலிருந்து அந்த வரியை 2019-இல் பாராளுமன்றம் நீக்கியது. மருந்து வந்தது முன்னே. அந்த வரி போனது எத்தனை காலம் கழித்து என்று பாருங்கள்.

மனநோய் விஷயத்தில் நாம் இன்னும் சட்டைக்குள் தேமலை மறைத்துக்கொண்டிருக்கிற காலத்தில்தான் இருக்கிறோம். இங்கே மறைப்பது அதைவிட எளிது, தோலில் ஒன்றும் தெரியாது.

மறைத்து வைப்பதன் எல்லை எங்கே போய் முடியும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தச் சங்கிலியைப் பூட்டியது கொட்டகைக்காரர். ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? தகப்பன், தமையன், கணவன். அவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்ல. எங்கே போவது என்று தெரியாதவர்கள், தெரிந்த இடத்துக்குப் போக வெட்கப்பட்டவர்கள். இதை மற்ற மதத்தவரின் குறையாகவும் நாம் பேச வேண்டாம். தர்காவுக்கும் போகிறார்கள், குணசீலம் பெருமாள் கோவிலுக்கும் போகிறார்கள், நம் புளியம்பட்டி அந்தோணியாரிடமும் போகிறார்கள். மூன்று இடங்களிலும் ஒரே கண்ணீர்தான். இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மனநோயாளியை எந்த முறையிலும் சங்கிலியிடக் கூடாது. வீட்டுக்குள் கட்டி வைத்தால் சட்டத்திற்குத் தெரியாது என்று யாராவது நினைத்தால், ஆண்டவருக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே திரிந்த ஒரு மனிதன் வருகிறான். ஊரார் அவனையும் சங்கிலியால்தான் கட்டிப் பார்த்தார்கள். அவனைப் பிடித்தது எது என்ற வாதத்துக்கு நான் இப்போது போகவில்லை. தெளிவு பெற்ற பிறகு அவன் இயேசுவோடு வர விரும்புகிறான். அவர் அழைத்துக்கொள்ளாமல் வீட்டாரிடம் அனுப்பிவைக்கிறார். அந்த வீட்டார் அவனை எப்படி வரவேற்றார்கள் என்பது எழுதப்படவில்லை. எனக்கு அதுதான் அடிக்கடி நினைவில் வருகிறது.

பேய் ஓட்டுவதைப் பற்றி என்னிடம் வருகிறவர்களுக்காகத் திருச்சபைச் சட்டத்தையே சொல்லிவிடுகிறேன். ஆயரின் தனிப்பட்ட அனுமதியில்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது, 1172-ஆம் சட்டம். 1999-இல் ரோமையில் வெளியான சடங்கு நூலும் நோயைப் பேய் என்று எண்ணிவிடாதபடி எச்சரிக்கிறது. தேவையானால் மருத்துவம் தெரிந்தவர்களைக் கலந்துகொள்ளச் சொல்லுகிறது. ஆகையால் "சாமி, ஒரு தடவை மந்திரித்துவிடுங்கள்" என்று வந்தால் கட்டாயம் தலையில் கைவைத்துச் செபிப்பேன். பிறகு டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பேன்.

கீழ்ப்பாக்கம் என்ற ஊரின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961-இலிருந்து அதன் கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வுபெற்ற பின் 1984-இல் மனச்சிதைவு நோயாளர்களுக்காகச் சென்னையில் ஸ்கார்ப் நிறுவனத்தைத் தொடங்கி, 2021-இல் மறையும்வரை இந்தக் கவலையாகவே இருந்தார். 2022 அக்டோபரில் அதே கீழ்ப்பாக்கத்தில் சிகிச்சை பெற்றுத் தேறிய ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் அமைச்சர்கள் முன்னிலையில் கலியாணம் நடந்தது. அடுத்த தடவை யாராவது அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேலி செய்தால் இந்தக் கலியாணத்தைச் சொல்லுங்கள்.

நம் கடற்கரையிலேயே ஒன்று இருக்கிறது. கார்மேல் மாதா கோவிலுக்காகவும் தர்காவுக்காகவும் கோவளம் போகிறோம். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் தொடங்கிய பேனியன் அமைப்பு கோவளத்திலும் வேலை செய்கிறது. தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக அவர்கள் ஏற்படுத்திய இல்லத்தின் பெயர் அடைக்கலம். தேறிய பெண்களில் வீடு திரும்ப முடியாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வீடுகளில், அக்கம்பக்கத்தாரோடு வாழும்படி 2015-லிருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சந்தைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள். புதுமை என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியம் நாட்டில் கேல் என்ற ஊரில் புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். கோவிலில் இடம் போதாமல் ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் பல நூற்றாண்டாக நடக்கிறது. 1930-களில் அந்தச் சிற்றூரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள்.

சுனாமி நாட்களை எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பேருக்குத் தூக்கம் போயிற்று, அலைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கிற்று. ஆலோசகர்கள் குப்பம் குப்பமாக வந்தார்கள். வெட்கப்படாமல் உட்கார்ந்து பேசினீர்கள். ஏனென்றால் துக்கத்தின் காரணம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோதுதான் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

இனிக் கலியாணம். நோயை மறைத்து மணம் முடிப்பதால் நோய் தீர்ந்த ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை. புது இடம், புது மனிதர்கள், மாத்திரையை மறைத்துச் சாப்பிட வேண்டும் அல்லது நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பும். பிறகு பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். ஆணுக்கு வந்தால் மட்டும் மனைவி பொறுத்துப் போக வேண்டும் என்பார்கள். இந்த இரட்டை நீதியை நான் கண்டிக்கிறேன். திருச்சபைச் சட்டம் 1098, இல்லற வாழ்வைப் பெரிதும் பாதிக்கக்கூடிய ஒன்றை வஞ்சகமாக மறைத்துச் சம்மதம் பெற்றால் அந்தத் திருமணமே செல்லாது என்கிறது. ஆகையால் ஓலை வாசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "சொன்னால் யார் சாமி கட்டுவார்கள்?" என்று கேட்பீர்கள். மருந்து சாப்பிட்டு, வேலை பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறவர்களைத் தெரிந்தே கட்டிக்கொண்டவர்கள் உண்டு. இன்னொன்று: அண்ணனுக்கு நோய் என்பதற்காகத் தங்கையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் ஊரில் இன்னொரு கதவு சாத்தப்படுகிறது.

தற்கொலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நம் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் சிலுவை நடாத சில மேடுகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு அது யார் யார் என்று தெரியும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மனக் குழப்பமோ வேதனையோ அச்சமோ ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் போதிக்கிறது. உயிர் ஆண்டவருடையது என்ற போதனை மாறவில்லை. நோயின் கனம் என்ன என்பதை அறிந்துகொண்டோம். நாட்டின் சட்டமும் 2017-லிருந்து, உயிரை மாய்க்க முயன்று தப்பியவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். வருகிற நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரிக்கும்போது அந்த மூலைக்கும் தீர்த்தச் செம்போடு போவேன். வீட்டார் மெழுகுவர்த்தி கொண்டுவரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள் என்று பங்குப்பேரவையில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

நோயாளியைக் காப்பாற்றுகிற தாய்மார்கள் ஒரு கேள்வியோடு படுத்து, அதே கேள்வியோடு எழுந்திருக்கிறார்கள்: "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் எடுத்து வைத்தால் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அது காகிதம். அந்தத் தாய் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பூசைக்கு வந்துபோக, யாராவது அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் இதற்கு ஆள் பிரித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். இரவு நேரத்தில் பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது, தமிழில் பேசுவார்கள். மாத்திரையைக் கொஞ்சம் தேறியவுடன் நிறுத்திவிடாதீர்கள். கை நடுக்கமோ உடம்பு பெருப்பதோ இருந்தால் டாக்டரிடமே சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குத் துணையாக வர, வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு ஆண்களும் மரியாயின் சேனையிலிருந்து இரண்டு பெண்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மாநாடு முடிந்ததும் கெபியின் பக்கத்தில் நிற்பார்கள். "செங்கல்பட்டு போக வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கென்று அவர்கள் கேட்க மாட்டார்கள். காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவார்கள், சீட்டு வாங்குகிற வரிசை நீளம்.